முகாம் மாலை வகுப்புக்கு நிலையான பணம்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் மாலை வகுப்பு, தையல் பயிற்சி, கல்லூரிக் கட்டண உதவி என்று சிறிய அளவில் வேலை செய்யும் அறக்கட்டளைகளிடமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அடுத்த வருஷத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு) வாங்கிவிடலாமா, கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பணிக்கென்று ஒதுக்கும்) பணத்துக்கு முயலலாமா, தெரிந்தவர்களிடமே மாதாமாதம் கேட்டுக்கொண்டு இருக்கலாமா?" எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் முயன்று பார்த்து, எதிலும் கால் ஊன்றாமல் நிற்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

கேள்வி இப்போது அவசரமாகிவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, உலகம் முழுக்க அகதிகளுக்கான வேலைகள் ஆட்டம் கண்டன. ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு வந்துகொண்டிருந்த பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அந்த ஒரு நாட்டுடையது. அதே ஆண்டு ஜூனில் சுமார் 3,500 பணியிடங்களைக் குறைப்பதாக ஆணையம் அறிவித்தது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா குழந்தைகளுக்கான கற்றல் மையங்களில் வேலை பார்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர் ஆசிரியர்களின் ஒப்பந்தத்தை யுனிசெஃப் முடித்துக்கொண்டது. மையங்களும் புத்தகங்களும் இருந்த இடத்தில்தான் இருந்தன. சம்பளம் நின்றது, வகுப்பு நின்றது.

தமிழ்நாட்டு முகாம்கள் மத்திய, மாநில அரசுகளின் செலவில் நடப்பவை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, ஐ.நா. பணத்தை நம்பி இந்த முகாம்கள் இல்லை. ஆனால் ஒரே கொடையாளரை நம்பியிருக்கும் மாலை வகுப்புக்கு ஆபத்து அதேதான். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். நாற்பது ஆண்டுகளாக இருக்கும் தேவைக்கு ஒரு வருடப் பணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் சிக்கலின் மையம்.

## முதலில் கணக்கு, அப்புறம் அளவுகோல்

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு மாதிரிக் கணக்கு. அறுபது பிள்ளைகள் வரும் ஒரு மாலை வகுப்பு. முகாமிலேயே பட்டப்படிப்பு முடித்த இரண்டு பெண்கள் சொல்லித்தருகிறார்கள். ஆளுக்கு மாதம் 6,000 ரூபாய். பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் அறிவியலுக்கும் வெளியிலிருந்து ஒரு ஆசிரியர், வாரம் இரண்டு நாள், 5,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு 8 ரூபாய் வீதம் 24 நாள் சுண்டல், 11,520 ரூபாய். கரண்ட், சாக்பீஸ், நகல் எடுக்கும் செலவு 1,500. மொத்தம் 30,020. ஆண்டுக்கு 3.6 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் பெரிய பங்கு சம்பளமும் சுண்டலும். இரண்டும் மாதாமாதம் வருபவை, தள்ளிப்போட முடியாதவை. பெஞ்சும் அலமாரியும் கம்ப்யூட்டரும் இந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் நன்கொடை கொடுக்க வருபவர்களில் பலர் முதலில் கேட்பது "பெஞ்ச் வாங்கித் தரட்டுமா?" என்றுதான். எந்த வழியையும் எடைபோடும் முன் நான்கு விஷயங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

- அந்தப் பணம் எத்தனை வருடம் வரும்? புதுப்பிக்க யார் தயவு வேண்டும்?
- அதிலிருந்து ஆசிரியர் சம்பளம் கொடுக்கலாமா?
- அதை வாங்கவும் கணக்கு ஒப்பிக்கவும் நம் பக்கம் எவ்வளவு பணமும் நேரமும் போகும்?
- ஒரு நாள் அது நின்றால் மொத்த வகுப்பும் நிற்குமா, ஒரு பகுதி மட்டும் குறையுமா?

நான்காவது கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜனவரியில் ஆசிரியர் நின்றுபோனால், ஜூலையில் வேறு நிதி கிடைத்து என்ன பயன்?

## வெளிநாட்டு நிதி

தொகை பெரியது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத் திட்டமாக வரும். சம்பளத்துக்கும் கொடுக்கலாம். அகதிகள் என்றால் யார், ஏன் உதவி வேண்டும் என்று கொடையாளருக்கு விளக்கவே தேவையில்லை. இதெல்லாம் உண்மையான நன்மைகள்.

ஆனால் வாசல் உயரமானது. எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுக்கு விண்ணப்பிக்கவே அறக்கட்டளைக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும்; கடந்த மூன்று நிதியாண்டுகளில் பணிக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். நம் மாதிரி வகுப்பு மூன்று வருடம் நடந்தாலும் 10.8 லட்சம்தான் ஆகும். சட்டத்தின் வாசற்படியையே தொடாது. பதிவு கிடைத்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்கு முன்பு இது 50. ஆண்டுக் கணக்கைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும், உள்ளூர்ப் பணத்தோடு ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. இதுவரை ரத்தான பதிவுகள் நாடு முழுவதும் இருபதாயிரத்துக்கு மேல்.

அதே 2020 திருத்தம் செய்த இன்னொரு காரியம்தான் சிறியவர்களை அதிகம் பாதித்தது. முன்பெல்லாம் ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணத்தை வாங்கி, பதிவு பெற்ற சிறிய அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். முகாமுக்குள் கால்நடையாகப் போய் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த வழியில்தான் பணம் வந்தது. இப்போது ஒருவர் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே முடியாது. "பெரியவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்" என்று இன்றும் நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்களின் பணம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டொரண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் அண்ணன் ஒருவர் மனமார, "மாதம் நூறு டாலர் அனுப்புறேன், அக்கவுண்ட் நம்பர் தாங்கோ" என்பார். அவர் கனடா குடிமகனாகிவிட்டால், சட்டப்படி அது வெளிநாட்டு நிதி. சென்னைக்கு வந்து ரூபாய் நோட்டாக எண்ணிக் கொடுத்தாலும் வெளிநாட்டு நிதிதான். ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் மாற்றமில்லை. பதிவில்லாத அறக்கட்டளை அதை வாங்கினால் தண்டனைக்குரிய குற்றம். அறங்காவலர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கிச் செலவழிப்பது அதைவிட மோசம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்துகொண்டு இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வேறு. அது வெளிநாட்டு நிதி ஆகாது. அதனால் எவ்வளவு தருகிறீர்கள் என்று கேட்கும் முன் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள், நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த டொரண்டோ அண்ணனின் அக்கறை வீணாக வேண்டாம். வாரம் ஒரு மணி நேரம் இணையவழியில் ஆங்கிலம் சொல்லித்தரச் சொல்லுங்கள். அங்கே பணம் கைமாறுவதில்லை.

இது யாருக்குச் சரி? பல முகாம்களில் வேலை செய்யும், முழுநேரக் கணக்காளர் வைத்திருக்கும், ஆண்டுச் செலவு பல பத்து லட்சங்களில் ஓடும் அமைப்புக்கு. அவர்களும் மொத்த வரவில் பாதிக்கு மேல் இதை நம்பாமல் இருப்பது நல்லது.

## கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம்

2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பணத்தை வாங்க அறக்கட்டளைக்கு வருமான வரித் துறை தரும் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிக்கழிவு) பதிவுகளும், சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் கிடைக்கும் எண்ணும், மூன்று வருட அனுபவமும் வேண்டும். இவ்வளவுதான் வாசல், எஃப்.சி.ஆர்.ஏ.வை விட எளிது.

செலவழிக்கும் இடத்தில், கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்கிறது சட்டம். முகாம் வேலை செய்பவர்கள் இதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கேயே சிப்காட் தொழிற்பேட்டையும் இருக்கிறது. சென்னையில் ஒரு தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பதை விட, அந்தத் தொழிற்பேட்டையில் உள்ள ஆலையின் மனிதவள மேலாளரைப் போய்ப் பார்ப்பதில் பலன் அதிகம். முகாமிலிருந்து பெயிண்டிங் வேலைக்கும் ஆலை வேலைக்கும் போகிறவர்கள் வழியாக அவருக்கு அந்த மக்களை ஏற்கெனவே கொஞ்சமாவது தெரிந்திருக்கும்.

கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அகதிகள் என்று தனித் தலைப்பு கிடையாது. கல்வி, வறுமை ஒழிப்பு, சுகாதாரம், வேலைத்திறன் பயிற்சி என்ற தலைப்புகள் உண்டு. "பயனாளிகள் இந்தியக் குடிமக்களா?" என்று கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து கட்டாயம் கேள்வி வரும். வேலை இந்தியாவுக்குள் நடக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நிபந்தனை. இதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, முகாமில் வேலை செய்ய மாவட்ட நிர்வாகம் கொடுத்த அனுமதிக் கடிதத்தையும் சேர்த்து முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கேட்ட பின் தேடிக்கொண்டிருந்தால் அதற்குள் மார்ச் வந்துவிடும்.

மார்ச் என்பதுதான் இந்தப் பணத்தின் குணமே. ஏப்ரலில் பேசத் தொடங்கினால் டிசம்பரில் ஒப்பந்தம், ஜனவரியில் பணம், மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு. பன்னிரண்டு மாத வகுப்புக்கு மூன்று மாதத்தில் செலவழிக்கச் சொல்லும் பணம் வரும். 'தொடர் திட்டம்' என்று பதிவு செய்தால், தொடங்கிய ஆண்டு தவிர மேலும் மூன்று ஆண்டுகள் வரை நீட்டலாம். ஒப்பந்தம் பேசும்போது தொகையைக் கூட்டச் சொல்லிக் கேட்பதை விட இந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்குவது முக்கியம். அதே போல 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு கம்பெனி தன் சி.எஸ்.ஆர். நிர்வாகத்துக்குச் செய்யும் செலவைப் பற்றியது. அதை அறக்கட்டளை மேல் சுமத்தி, ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை வெட்டும் வழக்கமும் இருக்கிறது. மரியாதையாக மறுத்துப் பேசலாம்.

மறைந்திருக்கும் செலவு வேறு மாதிரி. ரிப்பன் வெட்டு, பெயர்ப்பலகை, ஊழியர்கள் ஒரு நாள் வந்து 'தன்னார்வம்' செய்வது, புகைப்படம். முகாம் பிள்ளைகள் காட்சிப்பொருள் இல்லை; இலங்கையில் உறவினர்கள் இருக்கும் குடும்பங்களும் உண்டு. முகம் தெரியும் படம் தர மாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

கம்ப்யூட்டர், கழிவறை, கூரை, தையல் இயந்திரம், ஆறு மாதத் திறன் பயிற்சி போன்ற தொடக்கமும் முடிவும் உள்ள செலவுகளுக்கு இதை விட நல்ல பணம் இல்லை. மாதச் சம்பளத்துக்கு இதை நம்புவதாக இருந்தால் மேலே சொன்ன தொடர் திட்டமாக மட்டும் நம்புங்கள்.

## மாதச் சந்தா

நூறு பேர், ஆளுக்கு மாதம் 300 ரூபாய். நம் வகுப்பின் செலவு முடிந்தது.

கேட்க எளிது, திரட்டக் கடினம். ஆனால் நான்காவது அளவுகோலில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. நூறில் எட்டுப் பேர் நின்றால் 2,400 ரூபாய் குறையும். ஒரு மாதம் சுண்டலுக்குப் பதில் பிஸ்கட் கொடுத்துச் சமாளிக்கலாம். ஒரு கம்பெனி நின்றால் சமாளிக்க முடியாது. இந்தப் பணத்தில் எந்தச் சம்பளத்தையும் கொடுக்கலாம், மார்ச் 31 என்ற கெடு இல்லை, யாருடைய பெயர்ப்பலகையும் வேண்டாம்.

80ஜி இருந்தால்தான் மக்கள் கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை இப்போது பழசாகிவிட்டது. புதிய வருமான வரி முறையில் 80ஜி கழிவு கிடையாது. 2025 பட்ஜெட்டுக்குப் பின் 12 லட்சம் வரை சம்பாதிப்பவர்கள் பெரும்பாலும் அந்த முறையில் வரியே கட்டுவதில்லை. மாதம் 300 கொடுக்கும் பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் வரிக்காகக் கொடுக்கவில்லை. பெரிய தொகை கொடுப்பவர்களில் பழைய முறையில் இருப்பவர்களுக்கும் சி.எஸ்.ஆர்.க்கும் 80ஜி வேண்டும், வாங்கி வையுங்கள். ஆனால் சந்தா கேட்கும்போது அதை முன்னால் வைத்துப் பேச வேண்டியதில்லை.

யூ.பி.ஐ. ஆட்டோபே வந்த பிறகு வசூல் வேலை பாதியாகிவிட்டது. ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் போதும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் எண் போட வேண்டியதில்லை. பிடித்தம் செய்யும் தேதியை 5 முதல் 7க்குள் வையுங்கள். 25ஆம் தேதி வைத்தால் கணக்கில் பணமில்லாமல் திரும்பும். நாலு முறை திரும்பினால் அவரே வெட்கப்பட்டு ரத்து செய்துவிடுவார். 120 பேரைச் சேர்த்தால்தான் மாதம் நூறு பேரின் பணம் ஒழுங்காக வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான செலவு ஒரு மனிதரின் நேரம். பெயர், முகவரி, பான் எண் சேகரிக்க வேண்டும். பெயர் தெரியாத நன்கொடை ஒரு வரம்புக்கு மேல் போனால் 30 சதவீதம் வரி. ரசீது அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் விட, மாதம் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அழுகிற பின்னணி இசையோடு வீடியோ தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்: "இந்த மாதம் 22 நாள் வகுப்பு நடந்தது. பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் முடிந்தது, நாலு பேருக்கு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சுண்டலுக்கு 10,560 ரூபாய் ஆனது. கணக்கு சார் இரண்டு நாள் காய்ச்சலில் வரவில்லை, சனிக்கிழமை ஈடுகட்டினார்." இதைப் படிப்பவருக்குத் தன் 300 ரூபாய் எங்கே போகிறது என்று தெரியும். மூன்று மாதம் செய்தி போகாவிட்டால் சந்தா உதிரத் தொடங்கும். யார் எழுதுவது என்று முடிவு செய்யாமல் இந்த வழியைத் தொடங்காதீர்கள்.

## அரசுப் பணம்

2021 ஆகஸ்டில் முகாம்வாழ் தமிழர்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை மாநில அரசு அறிவித்தது. 7,469 புதிய வீடுகள், கல்வி உதவித்தொகை உயர்வு, மாதப் பணக்கொடை உயர்வு எல்லாம் அதில் வந்தன. குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று பணக்கொடை கூடியது. இந்தப் பணம் குடும்பங்களுக்கும் கட்டுமானத்துக்கும் போவது. நம் அறக்கட்டளையின் வரவில் வராது, வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

ஆனால் நம் செலவை இது குறைக்கும். கல்லூரி மாணவருக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை இருக்கும்போது, விண்ணப்பம் தவறிப்போனதால் அந்தப் பணத்தை அறக்கட்டளை கட்டுவது நடக்கிறது. ஜூன், ஜூலையில் ஒரு ஆளை உட்காரவைத்து எல்லாப் பிள்ளைகளின் விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுங்கள். அந்த ஒரு வேலை பல சந்தாதாரர்களைச் சேர்ப்பதற்குச் சமம்.

## தையல் கூடம், வைப்பு நிதி

தையல் கூடம் நடத்தி அதன் லாபத்தில் வகுப்பு நடத்தலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். துணிக்கு முன்பணம், ஆர்டர் பிடிக்க ஆள், தாமதமாக வரும் பில் என்று முதல் சில வருடம் அதுவே பணம் கேட்கும். லாபம் வந்தாலும் அது தைத்த பெண்களுக்குச் சேர வேண்டியது.

வைப்பு நிதி கேட்க இனிமையாக இருக்கும். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 3.6 லட்சம் வேண்டுமானால் 51 லட்சத்துக்கு மேல் முதல் வேண்டும். விலைவாசி ஏறுவதை இதில் சேர்க்கவில்லை. யாராவது பெரிய தொகை கொடுத்தால், அது மூலதன நிதிக்கு என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். இதையே குறியாக வைத்து அலைய வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு காலம் | சம்பளத்துக்கு | நம் பக்கச் செலவு | நின்றால் |
|---|---|---|---|---|
| வெளிநாட்டு நிதி | 2–3 ஆண்டு | ஆகும் | தனிக் கணக்கு, தாக்கல், புதுப்பித்தல் | மொத்தமும் நிற்கும் |
| சி.எஸ்.ஆர். | ஓராண்டு, தொடர் திட்டமானால் 3+ | பேசி வாங்க வேண்டும் | அறிக்கை, மார்ச் நெருக்கடி | பெரிய பகுதி நிற்கும் |
| மாதச் சந்தா | செய்தி போகும்வரை | ஆகும் | ஒருவரின் நேரம் | கொஞ்சம் குறையும் |
| அரசு உதவி | அரசு முடிவைப் பொறுத்து | ஆகாது | விண்ணப்ப வேலை | குடும்பங்களைத் தாக்கும் |
| தையல் கூடம் | சந்தையைப் பொறுத்து | நம்ப வேண்டாம் | முன்பணம், ஆள் | மேலும் கடன் |
| வைப்பு நிதி | நீண்ட காலம் | ஆகும் | திரட்டப் பல ஆண்டு | நிற்காது, தேயும் |

## யார் எங்கே தொடங்குவது

ஒரே முகாமில் ஒரே வகுப்பு நடத்துபவர்கள் சந்தாவில் தொடங்குங்கள், அதிலேயே இருங்கள். 12ஏ, 80ஜி பதிவுகளை முதல் வருடமே வாங்கிவிட்டால், மூன்று வருடம் முடியும்போது கூரைக்கும் கம்ப்யூட்டருக்கும் சி.எஸ்.ஆர். கேட்கத் தயாராக இருப்பீர்கள்.

மூன்று, நான்கு முகாம்களில் வேலை செய்பவர்கள் ஆசிரியர் சம்பளம் முழுவதையும் சந்தாவிலும், மற்றவற்றை இரண்டு கம்பெனிகளிடமும் வைக்கலாம். ஒரு கம்பெனியிடம் அல்ல, இரண்டிடம். எஃப்.சி.ஆர்.ஏ. விண்ணப்பம் அதற்கு மேல் வளரும்போது யோசிக்க வேண்டியது.

ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுத் திட்டத்தில் ஓடிக்கொண்டிருந்து, அது வரும் மார்ச்சில் முடியப்போகிறது என்றால், புதிய கொடையாளருக்கு முன்மொழிவு எழுதுவதை இரண்டாவதாக வையுங்கள். முதலில், இப்போதே சந்தா சேர்க்கத் தொடங்குங்கள். உள்ளூர் வரவில் ஆண்டுக்கு 15 சதவீதம் வரை செலவழிக்காமல் நிறுத்திவைக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. 3.6 லட்சம் வரவில் அது 54,000 ரூபாய். மூன்று ஆசிரியர்களுக்கும் மூன்று மாதச் சம்பளம் 51,000. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, திட்டம் முடியும் தேதியையும் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பதையும் அந்த மூவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.